செந்நாரைக்குப் பின்னால் ஏழு தாமரை

அத்தியாயம் 7

சாணித் தண்ணீர் முதலில் எங்கள் ஸ்கூட்டர் மீதும், பிறகு என் புதுச் செருப்பு மீதும் விழுந்தது. தலையில் விழவில்லையே என்று உலகம்மாள் வருத்தப்பட்டது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"போலீசு வந்து மிதிச்சாச்சு, காமெராக்காரனுவ வந்து மிதிச்சாச்சு. இனி நீங்க ரெண்டு பேருமா? போங்க அங்கிட்டு!"

"எனக்க செருப்பு போச்சு அக்கா" என்றேன்.

"செருப்பக் கழுவிக்கிடலாம். வாயத் தொறக்காம நில்லுட்டி" என்றார் லட்சுமிப்ரியா அக்கா.

நான் ஜினிஷா, மார்த்தாண்டத்துக்காரி. வடசேரியில் ஒரு மாடியறையில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் லட்சுமிப்ரியா அக்காவுக்கு உதவியாளர். அக்கா இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்தவர். யார் எவ்வளவு திட்டினாலும் எதிரே நின்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, வரவும் வராது.

இராஜாக்கமங்கலம் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது கோட்டாங்கரைக் குளம். நாரைகளுக்காக எங்கிருந்தெல்லாமோ காமெராவும் கையுமாக ஆட்கள் வரும் குளம். நேற்று, செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, கிழக்குக் கரைக் கோரைப் புதரில் வனத்துறையின் தற்காலிகக் காவலர் ததேயுஸ் மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் காலில் தங்கூசி கட்டிய ஒரு செந்நாரைக் குஞ்சு. கடலில் தூண்டில் போடுகிறவர்கள் வைத்திருக்கும் அந்த நைலான் நூலைப் பார்த்ததுமே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அந்த நேரத்தில் கரையில் ஓடிய ஒரே ஆள் லிஜோ. கடற்கரைக்காரன், கப்பலில் வேலை, விடுமுறையில் வந்து நாரைப் படம் எடுப்பவன். உதவிக்கு ஆள் கூப்பிடத்தான் ஓடினேன் என்று அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அடித்துக் காமெராவைக் குளத்தில் வீசி, ஆளைப் போலீசில் கொடுத்துவிட்டார்கள்.

கைது என்று எழுதியது நேற்று சாயங்காலம்தான். இன்று நான்கு மணிக்கு அவனை மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோவார்கள். திங்கட்கிழமை அவன் கப்பலேற வேண்டும். ரிமாண்டு ஆனால் வேலையும் போகும், கொலை முயற்சி என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். அவன் மனைவி ரெஜிஷா காலையில் எங்கள் அலுவலகத்தில் அழக்கூட இல்லை. "ஆறு மாசம் இரும்பையே பாத்துக்கிட்டு இருக்கவன் மேடம். நாரை பாக்கணும்னு வந்தான். அதுக்கு மண்டைய ஒடைப்பானா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா உலகம்மாளிடம் ஓர் அடி நெருங்கினார். இந்தக் குளத்தின் தாமரைக் குத்தகை உலகம்மாளுடையது. கரையிலேயே வீடு. ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, வாய் மட்டும் ஊர் அளவு.

"நேத்து வெடியக்காலம் நீங்க பூப்பறிக்க எறங்கினேளா? யாரையாவது கண்டேளா?"

"பூவா? எங்க வீட்டுக்காரருக்க அண்ணன் போன வியாழக்கிழம செத்தாரு. தீட்டு. பதினாறு கழியாம தாமரையத் தொடுவமா? வெள்ளிக்கிழமையில இருந்து குளத்துல கால் நனைக்கல. ஊர்த்தலைவர் ஆறுமுகப்பெருமாள்ட்ட கேளுங்க. போலீசுக்கும் இதத்தான் சொன்னேன்."

"லிஜோவத் தெரியுமா?"

"அந்தச் சவத்தையா? மூணு தடவ எனக்க கொடிய மிதிச்சு நாசமாக்கினான். உள்ள கெடக்கட்டும்."

கதவு முகத்தில் அடித்துச் சாத்தப்பட்டது. சந்தனத் தென்றல் வீசும் ஊர் என்று எவனோ சொன்னான். அவன் இந்தக் கரைக்கு வந்திருக்கமாட்டான்.

நாங்கள் மேற்குக் கரைப் படித்துறைக்கு நடந்தோம். லிஜோவுக்கு எதிரான பெரிய சாட்சி நின்ற இடம் அது. சாட்சியின் பெயர் ஆனந்தகிருஷ்ணன். நாகர்கோவிலில் பறவை நேசர் மன்றத் தலைவர், படங்களுக்காகப் பரிசு மேல் பரிசு வாங்கியவர். 'செவ்வாய் காலை ஆறு நாற்பதுக்கு நான் படித்துறையில் செந்நாரையைப் படமெடுத்தேன். அப்போது எதிர்க்கரையில் லிஜோ ஓடுவதைக் கண்டேன்' என்று வாக்குமூலம். ஆதாரமாக அந்தப் படம். ஆறு ஐம்பத்திரண்டுக்கே மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தார்.

என் போனில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். தலை உடைந்த கல்தூண் படத்திலும் இருந்தது, எதிரிலும் இருந்தது. இடம் இதுதான், சந்தேகமே இல்லை. தூணுக்கு முன்னால் செந்நாரை கழுத்தை நீட்டி நிற்கிறது. பின்னால் அகல விரிந்த தாமரைகள்.

"படத்துல எத்தன பூட்டி?"

"ஏழு. படத்துல பாத்தா சொர்க்கம், நேர்ல பாத்தா கீரைப் பாத்தி" என்றேன். எதிரே இலைகள்தான் பரந்து கிடந்தன. இடையிடையே இதழ் உதிர்ந்த காய்கள் சில தலைதூக்கி நின்றன.

"ம்ம்" என்றார் அக்கா.

"அக்கா, படத்துக்குள்ள இருக்கிற தேதிய போன்லயே மாத்த அஞ்சு நிமிசம் போதும். ஆனா மாத்தினாருன்னு நாம எப்படிச் சொல்ல? எடுத்த எடம் சரி. தீட்டு, பூப்பறிக்கல, அதனால பூ விரிஞ்சு நிக்குது. அதுவும் சரி. அந்த ஆளு சொல்லுறது எல்லாம் பொருந்துது."

"ஆமா. அவ்வளவு நல்லா பொருந்துது" என்று சொல்லி ஸ்கூட்டரில் ஏறினார்.

ஆனந்தகிருஷ்ணன் வீட்டு வரவேற்பறையில் நாரைகள் நாற்பது இருக்கும், எல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள். சாம்பல் நாரை, செந்நாரை, மீனை விழுங்கும் நாரை, குஞ்சுக்கு ஊட்டும் நாரை. எங்களுக்கு உட்கார நாற்காலி காட்டப்படவில்லை. மனிதர் அறுபது வயதிலும் இஸ்திரி கலையாமல் இருந்தார்.

"ஒரு குற்றவாளிக்காக வந்திருக்கீங்க. பத்து நிமிஷம் தர்றேன். அதுவும் மரியாதைக்காக."

"பத்து எதுக்கு சார், ரெண்டு போதும்" என்றேன்.

அக்கா சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "எல்லாப் பறவையும் வெளிச்சத்தப் பாத்து அசையாம நிக்கே. எப்படி சார் நிப்பாட்டுகியோ?"

"பொறுமை. பன்னிரண்டு வருஷப் பொறுமை. இன்னைக்குக் காமெரா வாங்கிட்டு நாளைக்குக் குளத்துல குதிக்கிற மீன்காரனுக்கு அது புரியாது."

மூலையில் காமெரா ஸ்டாண்டு ஒன்று நின்றது. விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது. "ஸ்டாண்டு புதுசா சார்? ஸ்டிக்கர்கூட கிழியலயே" என்றேன்.

"பழசு போச்சு" என்றார் அவர், சட்டென்று.

"நேத்து எடுத்த படம் கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார் அக்கா. "ஆனா கோட்டாங்கரையில விரிஞ்ச பூவக் காணவே முடியாதே. மொட்டாவே பறிச்சிருவாவளே?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் சிரித்தார். "அதைத்தான் நான் இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொன்னேன். அந்தக் குடும்பத்துல துட்டி. வெள்ளிக்கிழமையில இருந்து பறிக்கவே இல்லை. ஊரே சாட்சி. அதனாலதான் எனக்கு இந்தப் படம் கிடைச்சுது. செவ்வாய்க்கிழமை காலையில குளம் முழுக்கப் பூ."

"குளம் முழுக்க?"

"குளம் முழுக்க. எழுதிக்கங்க."

நான் நிஜமாகவே எழுதிக்கொண்டேன். அதற்குள் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நாய்க்குக்கூட அப்படி வழிகாட்டமாட்டார்கள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அக்கா, இந்த ஆளுக்க மூஞ்சியப் பாத்தாலே குற்றவாளி."

"மூஞ்சிய வச்சுத் தண்டன குடுத்தா உனக்கு ஆயுள் தண்டனைட்டி. வண்டிய குளத்துக்கு விடு."

மறுபடியும் சாணித் தண்ணீரா என்று கேட்டபடி விட்டேன்.

உலகம்மாள் கதவைத் திறக்கவில்லை. அக்கா சன்னலோரம் நின்று சாதாரணமாகப் பேசத் தொடங்கினார்.

"ஒரே ஒரு சந்தேகம். நீங்க வெள்ளிக்கிழமையில இருந்து பறிக்கலன்னா, இன்னைக்கு விரிய வேண்டிய பூ எங்க?"

சன்னலின் ஒரு கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டது.

"காய் நிக்குது. அது வெள்ளி, சனி, ஞாயிறு விரிஞ்சு உதிர்ந்த பூ. செரி. திங்கள், செவ்வாய், புதன்ல விரிஞ்ச பூ ஒண்ணையும் காணோம். இன்னைக்குக் காலையில குளத்துல ஒரு பூகூட இல்ல. தாமரை தீட்டுக் காக்காதுல்லா? மொட்ட யாரோ பறிக்கா."

எனக்குப் பளீரென்றது. கீரைப் பாத்தி என்று நானே சொன்னேன், நானே கவனிக்கவில்லை. என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கதவு திறந்தது. உலகம்மாளின் முகம் சுண்டிப்போயிருந்தது. சேலைத் தலைப்பால் முழங்கையை மூடிக்கொண்டாள். ஆனாலும் தாமரைத் தண்டின் முள் கீறிய புதுக் காயங்கள் மணிக்கட்டு வரைக்கும் இருந்தன.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் முதல் முறையாக. "கோயிலுக்குக் குடுக்கல. சந்தைக்குத்தான் விட்டேன். பதினாறு நாள் பூ நின்னா களியக்காவிள யாவாரி வேற குளத்துக்குப் பெயிருவான். பொறவு திரும்பி வருவானா? நாலு மணிக்கு எறங்கி, வெளிச்சம் வரதுக்கு முன்ன ஏறிருவேன்."

"திங்கட்கிழமையில இருந்தா?"

"திங்கள், செவ்வா, இன்னைக்கு."

"அப்போ செவ்வாய்க்கெழம காலையில ஆறே முக்காலுக்கு இந்தக் குளத்துல விரிஞ்ச பூ?"

"விரிஞ்சு நின்னது திங்களோட உதிர்ந்துட்டு. பொறவு ஒரு மொட்டுகூட விட்டு வைக்கலியே, பூ எங்க இருந்து வரும்?"

ஆனந்தகிருஷ்ணனின் படம் ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்தது. தீட்டுக்காக யாரும் பறிக்கமாட்டார்கள் என்று ஊரைப் போலவே அவரும் நம்பினார். அதனால் அந்தப் பழைய படம் செவ்வாய்க்கும் செல்லும் என்று எடுத்துப் போட்டுவிட்டார். நான் சந்தோஷத்தில் குதிக்காத குறை.

"வாங்க ஸ்டேசனுக்கு!" என்றேன்.

உலகம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சந்தோஷம் செத்தது. "என்ன வெளையாடுதியா? தீட்டோட தாமர பறிச்சவன்னு ஊரு கேட்டா, குத்தகையும் போச்சு, நாளப்பின்ன எனக்க மக கல்யாணத்துக்கு ஒருத்தன் வாசல் மிதிக்கமாட்டான். அந்தக் கடப்புறத்துக்காரனுக்காக நான் நாறணுமா?"

"நாங்க போலீசுகிட்ட சொன்னா என்ன செய்வியோ?" என்று நான் எகிறினேன்.

"இல்லன்னு சொல்லுவேன். கீறல் வேலியில பட்டதுன்னு சொல்லுவேன்."

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். "நாங்க சொல்லமாட்டோம். நீங்களா வந்து சொன்னாத்தான் உண்டு. ஒண்ணு மட்டும் கேக்கேன். ததேயுஸ் ராத்திரிக் காவலு. திங்கட்கிழம நீங்க எறங்கினப்போ அவர் எங்க இருந்தாரு?"

உலகம்மாள் கதவைச் சாத்தினாள். இந்த முறை மெதுவாகத்தான்.

மூன்று மணி ஆகியிருந்தது. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்ததும் பேனாவை மேசையில் போட்டார். லிஜோ சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ரெஜிஷா வாசலில் நின்றாள். ஆனந்தகிருஷ்ணன் நாற்காலியில் இருந்தார். வாக்குமூலத்தில் கடைசிக் கையெழுத்துப் போட வந்திருக்கிறாராம்.

"சார், அந்தப் படம் செவ்வாய்க்கிழமை எடுத்ததில்லை" என்றார் அக்கா.

"அப்படின்னு யாரு சொல்றா?"

"குளம் சொல்லுது. செவ்வாய்க்கிழமை அங்க விரிஞ்ச பூவே இல்லை."

"குளத்தக் கூட்டிக்கிட்டு வாங்க, ஸ்டேட்மெண்ட் எடுக்கேன்" என்றார் இன்ஸ்பெக்டர். இரண்டு போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். "அந்தப் பொம்பள குளத்துல எறங்கலன்னு எழுதிக் குடுத்திருக்கா. ஊர்த்தலைவரும் சொல்லியாச்சு. நீங்க அந்த மீன்காரன்கிட்ட வாங்கினதுக்கு ஓடியாடி வேல பாத்தாச்சுல்லா? வெளிய நில்லுங்க."

"உங்க மரியாதைக்கு ரொம்ப நன்றி சார். வீட்டுல கொண்டு வைக்க எடம் பத்தாது" என்றேன்.

"இந்தப் பெண்ணை முதல்ல வெளியே அனுப்புங்க" என்றார் ஆனந்தகிருஷ்ணன். பேனாவைத் திறந்தார். "நான் பொய் சொல்லி எனக்கு என்ன லாபம்? குளம் முழுக்கப் பூ இருந்தது. பறிக்க ஆளில்லை. அவ்வளவுதான்."

"ஆளு இருந்துது."

எல்லோரும் திரும்பினோம். வாசலில் உலகம்மாள். பின்னால் வெள்ளை வேட்டியில் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஊர்த்தலைவர் ஆறுமுகப்பெருமாள் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. "ஏ உலகம்மா, வெளிய வா, வீட்டுல போய்ப் பேசலாம்" என்று கெஞ்சிக்கொண்டும் மிரட்டிக்கொண்டும் வந்தார். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

"நான்தான் பறிச்சேன். திங்கள், செவ்வா, புதன். மொட்டு முச்சூடும். செவ்வாக்கெழம அஞ்சே காலுக்கு நான் கரை ஏறையில குளத்துல எலதான் உண்டு."

ஆறுமுகப்பெருமாள் காதைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மேசையில் போட்ட பேனாவை எடுத்தார்.

ஆனந்தகிருஷ்ணன் எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. "இவ பொய் சொல்றா! இவங்க ரெண்டு பேரும் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க!"

உலகம்மாள் அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும் நீட்டிக் கீறல்களைக் காட்டினாள்.

"தீட்டோட தாமர பறிச்சேன்னு எந்தப் பொம்பளையாவது பொய் சொல்லுவாளா வே? ஊருத்தலைவரப் பக்கத்துல வச்சுக்கிட்டு?"

உண்மையைச் சொல்லி நம்ப வைக்க எத்தனையோ வழி பார்த்திருக்கிறேன். தன் மானத்தை எடுத்து மேசையில் போட்டு நம்ப வைத்தவளை அன்றுதான் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். "சார், போனையும் காமெராவையும் குடுங்க."

"காமெரா வீட்டுல..."

"ஆள் வரும்" என்றார் இன்ஸ்பெக்டர். "பழைய ஸ்டாண்டும் வேணும்" என்றார் அக்கா. "அது எங்க போச்சுன்னு சொன்னா கொள்ளாம்."

ஆனந்தகிருஷ்ணன் திரும்ப உட்கார்ந்தார். இஸ்திரி அப்படியே இருந்தது, ஆள்தான் கசங்கிவிட்டார். "அது அசைஞ்சுக்கிட்டே இருந்தது" என்றார் தரையைப் பார்த்து. "குஞ்சு ஓரிடத்துல நின்னாத்தான் தாய் வெளிச்சத்துக்கு வரும். அரை மணி நேரம் கட்டினா செத்தா போகும்? அந்த ஆள் என் முன்னாலயே நூலை அறுக்கக் குனிஞ்சான். மன்றத்துல சொல்லுவேன்னான். கையில ஸ்டாண்டு இருந்தது. பன்னிரண்டு வருஷம்... ஒரு வாட்சர்..."

சுவரில் தொங்கிய நாற்பது நாரைகளும் எனக்கு ஞாபகம் வந்தன. அவை எல்லாம் ஏன் அசையாமல் நின்றன என்று இப்போது தெரிந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்தேன், அக்கா தடுத்தார். கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

லிஜோவை விட்டபோது நாலரை மணி. ரெஜிஷா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவன் நொண்டியபடி முற்றத்தில் நின்ற உலகம்மாளிடம் வந்து கைகூப்பினான்.

"அம்மா, உங்கள நான் சாகிற வர..."

"தள்ளி நில்லுலே. உனக்காக வரல. காமெராவோட எனக்க குளத்துப் பக்கம் வந்தா கால ஒடிப்பேன்."

"உனக்க குளமா?" என்றார் ஆறுமுகப்பெருமாள், மரத்தடியில் நின்றபடி. "நாளையில இருந்து நீ எறங்கப்படாது. குத்தகைய ஊருக்கூட்டத்துல பேசுவோம். பரிகாரமும் உண்டு."

எனக்கு ரத்தம் கொதித்தது. "அந்த அம்மா இல்லன்னா ஒரு அப்பாவி உள்ள போயிருப்பான் தெரியுமா?" என்று அவரிடம் பாய்ந்தேன். "இது எங்க ஊர் காரியம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வழக்கை நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஆனாலும் தோற்றவள் மாதிரி நின்றேன்.

உலகம்மாள் எதையும் காதில் வாங்காமல் அக்காவிடம் வந்தாள்.

"நீங்க கேட்டியளே, திங்கட்கெழம ததேயுஸ் எங்க இருந்தாருன்னு. கரையிலதான் இருந்தாரு. டார்ச்சு நேரா எனக்க மூஞ்சியில விழுந்துது. நான் செத்தேன்னு நெனச்சேன். அவரு டார்ச்ச அணைச்சுட்டு அந்தால நடந்து போனாரு. ஒருத்தர்ட்டயும் சொல்லல."

"தெரியும்" என்றார் அக்கா மெதுவாக.

"கண்ணு தொறந்துட்டாரா?"

"இன்னும் இல்ல. டாக்டர் ரெண்டு நாள் கழியட்டும்னு சொல்லுகா."

உலகம்மாள் தலையாட்டினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். நாலு எட்டுப் போய் நின்று திரும்பினாள்.

"தொறந்தா சொல்லுங்க. நானே ஊருக்குச் சொல்லியாச்சு, இனி அவரு மறைக்கண்டாம்னு சொல்லுங்க."